வாடகை சர்வருக்கு எந்த பேனல், எந்த ஓஎஸ்? ஹெஸ்டியா, டைரக்ட்அட்மின், சிபேனல், கிளவுட்பேனல் ஒரு பார்வை

மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கட்டி ஒரு விபிஎஸ் (பெரிய இயந்திரத்தில் நமக்கென்று பிரித்துத் தரும் வாடகை சர்வர்) எடுத்ததும் திரையில் வரும் முதல் கேள்வி, எந்த ஓஎஸ் வேண்டும் என்பதுதான். உபுண்டு, டெபியன், ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று வரிசையாக நிற்கும். பலரும் கேள்விப்பட்ட பெயரை அழுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் அதில் ஏறும் பேனல், அதாவது தளங்களையும் மெயிலையும் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள், எது என்று தேடத் தொடங்குகிறார்கள். அப்படிப் போனால் ஒரே வாரத்தில் சர்வரை இரண்டு முறை அழித்துப் போட வேண்டிவரும். மெயிலும் இதே சர்வரில் ஓட வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பதிலே பேனலைக் காட்டிவிடும். பேனல் எந்த ஓஎஸ்ஸைக் கேட்கிறதோ, அதைக் கடைசியில் அழுத்தினால் போதும்.

இங்கே பேசுவது 2 முதல் 4 ஜிபி ரேம், 40 முதல் 80 ஜிபி டிஸ்க் உள்ள கேவிஎம் வகை (முழுத் தனி கம்ப்யூட்டர்போல் இயங்கும்) விபிஎஸ் பற்றி. அதில் ஐந்து முதல் இருபது வேர்ட்பிரஸ் தளங்கள். ஓபன்விஇசட் வகையில் மலிவாகக் கிடைப்பவற்றின் பக்கமே போக வேண்டாம். கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அவர்களுடையது, ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) நம் இஷ்டத்துக்குப் போட முடியாது, ஃபயர்வால் பகுதி பல பேனல்களில் அங்கே தகராறு செய்யும்.

மெயில் கணக்கு

சர்வர் வாடகைக்கு விடும் பெரிய நிறுவனங்கள் ஸ்பாம் பயத்தில் வெளியே போகும் மெயில் போர்ட்டுகளை (மெயில் கடக்கும் எண்ணிட்ட வாசல்களை) அடைத்தே தருகின்றன. ஹெட்ஸ்னர் புதுக் கணக்குகளுக்கு 25, 465 இரண்டையும் மூடி வைக்கிறது. முதல் மாத பில் கட்டிய பிறகு கேட்டால் திறப்பதுண்டு. டிஜிட்டல்ஓஷன் 25, 465, 587 மூன்றையும் அடைக்கிறது. இது தெரியாமல் முழு மெயில் செட்டப்பையும் போட்டு முடித்தால் என்ன நடக்கும்? தளத்தின் தொடர்புப் படிவம் 'அனுப்பப்பட்டது' என்று சொல்லும், மெயில் போகாது. எக்ஸிம் என்ற மெயில் சர்வரின் வரிசையைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான மெயில்கள் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்ற குறிப்போடு தேங்கி நிற்கும். பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை.

போர்ட் திறந்திருந்தாலும் வேலை முடியாது. ஐபியின் பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) சர்வரின் முழுப் பெயரான ஹோஸ்ட்நேமோடு பொருந்த வேண்டும். இதை டொமைனின் டிஎன்எஸ் பகுதியில் போட முடியாது, சர்வர் தந்த நிறுவனத்தின் பக்கத்தில்தான் போட வேண்டும். டிஜிட்டல்ஓஷனில் அதற்குத் தனி இடமே கிடையாது. சர்வருக்கு வைக்கும் பெயர்தான் பிடிஆர். ஆகவே சர்வரை உருவாக்கும்போதே முழு ஹோஸ்ட்நேமைப் பெயராக வைத்துவிடுங்கள். மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் மூன்றும் அதற்கு மேல். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இவற்றில் கெடுபிடி காட்டுகின்றன. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம்.

இன்னொன்று, கைக்கு வரும் ஐபியை ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியிருப்பார்கள். எதையும் நிறுவும் முன் ஸ்பாம் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் அதைத் தட்டிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் சர்வரை அழித்துவிட்டு வேறொன்றை உருவாக்குங்கள். மணிக்கணக்கு பில்லிங்கில் இதற்கு ஆகும் செலவு சில்லறைக் காசுதான்.

எங்கள் கருத்து: சிறிய சர்வரில் மெயில்பெட்டி வைக்காதீர்கள். பெட்டிகளை ஜோஹோ மெயிலிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ வைத்துக்கொண்டு, தளங்கள் அனுப்பும் மெயிலை மட்டும் அமேசான் எஸ்இஎஸ், பிரெவோ, எஸ்எம்டிபி2கோ போன்ற ரிலே (நமக்காக மெயிலை அனுப்பித் தரும் சேவை) வழியாக விடுங்கள். 587 அடைபட்டிருந்தால் பெரும்பாலான ரிலேக்கள் 2525 என்ற போர்ட்டையும் ஏற்கும். இந்த முடிவு ஒன்றே ரேமில் ஒரு ஜிபிக்கு மேல் மிச்சப்படுத்தும். எப்படி என்று ஹெஸ்டியா பகுதியில் வருகிறது.

ஹெஸ்டியா

இலவசப் பேனல்களில் எங்கள் முதல் ஓட்டு இதற்கு. வெஸ்டா என்ற பழைய பேனலிலிருந்து பிரிந்து வந்தது. வெஸ்டாவின் கதை நல்ல முடிவுக்கு வரவில்லை. 2018 ஏப்ரலில் அதன் ஓட்டை வழியாக சர்வர்கள் கைப்பற்றப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் அதன் நிறுவல் ஸ்கிரிப்டிலேயே கை வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பழைய வலைப்பதிவுகள் இன்னும் வெஸ்டாவைப் பரிந்துரைக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

ஹெஸ்டியா டெபியன், உபுண்டு இரண்டில் மட்டுமே ஏறும். ஆல்மா கிடையாது. முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்பாச்சி ஆகிய வெப் சர்வர்கள், பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், டேட்டாபேஸுக்கு மரியாடிபி, மெயிலுக்கு எக்ஸிம், டவ்காட், டிஎன்எஸ்ஸுக்கு பைண்ட் என்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்து உட்காரும். ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனி பிஎச்பி வெர்ஷன் வைக்கலாம். பழைய ப்ளகின் ஒன்றுக்காக ஒரு தளத்தை 7.4இல் வைத்துக்கொண்டு, மற்றவற்றை 8.3இல் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. அப்பாச்சி பின்னால் இருப்பதால் வேர்ட்பிரஸ் எழுதும் .எச்டிஆக்சஸ் கோப்பும் (அப்பாச்சிக்கான விதிகள் உள்ள கோப்பு) அப்படியே வேலை செய்யும்.

நிறுவும் வரிசை இது. முதலில் சர்வர்1.உங்கள்டொமைன் போன்ற ஒரு துணைப்பெயருக்கு ஏ பதிவு (பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) போட்டு, அது சர்வரின் ஐபியைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளம் ஓடப்போகும் டொமைனையே ஹோஸ்ட்நேமாக வைக்க வேண்டாம். மெயிலும் எஸ்எஸ்எல் சான்றிதழும் பின்னால் குழம்பும். ஓஎஸ் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். அப்பாச்சியோ மைஎஸ்கியூஎல்லோ ஏற்கெனவே போட்ட சர்வரில் ஹெஸ்டியாவை ஏற்ற முயன்றால் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும், அல்லது அதைவிட மோசமாக, முடிந்ததுபோல் காட்டும். நிறுவல் கட்டளையில் கிளாம்ஏவி (வைரஸ் தேடுவது), ஸ்பாம்அசாசின் (ஸ்பாம் வடிகட்டுவது) இரண்டுக்கும் 'நோ' என்று சொல்லிவிடுங்கள். 1.5 ஜிபிக்குக் குறைவான ரேம் என்றால் ஸ்கிரிப்டே அவற்றைத் தவிர்த்துவிடும். ஆபத்து 2 ஜிபி சர்வரில்தான். எல்லை தாண்டிவிட்டதால் இரண்டும் ஏறிவிடும். கிளாம்ஏவியின் வைரஸ் பட்டியல் மட்டும் ஒரு ஜிபிக்கு மேல் ரேமை எடுத்துக்கொள்ளும். பட்டியல் புதுப்பிக்கும் நேரத்தில் பழையதும் புதியதும் ஒரே சமயம் நினைவகத்தில் இருக்கும், ஆகவே தேவை கிட்டத்தட்ட இரு மடங்கு. நடு ராத்திரியில் தளங்கள் 'எர்ரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்ஷன்' என்று நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். ரேம் தீர்ந்ததும் கெர்னல் எந்தப் புரோகிராம் பெரியது என்று பார்த்துக் கொல்லும், அது பெரும்பாலும் மரியாடிபியாக அமைந்துவிடும். சிஸ்டம் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் எந்தப் புரோகிராம் எத்தனை மணிக்குப் போனது என்பது தெரியும்.

கிளாம்ஏவியை எடுத்த பிறகும் ஒரு கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. 2 ஜிபியில் ஓஎஸ்ஸும் பேனலும் 300 எம்பி, மரியாடிபி 300 முதல் 400, என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் சேர்ந்து 150 என்று வைத்தால் பிஎச்பிக்கு மிஞ்சுவது 1.1 ஜிபி அளவு. வேர்ட்பிரஸ் ஓடும் ஒரு பிஎச்பி புரோசஸ் 60 முதல் 80 எம்பி பிடிக்கும். ஆக ஒரே நேரத்தில் 14, 15 புரோசஸ் தாங்கும். ஹெஸ்டியாவோ ஒவ்வொரு டொமைனுக்கும் தனி பூல் (பிஎச்பி புரோசஸ்களின் தொகுப்பு) போட்டு, பூலுக்கு 8 என்று உச்சவரம்பு வைக்கிறது. பத்து தளம் என்றால் 80. சாதாரண நாளில் எதுவும் தெரியாது, ஆன்டிமாண்ட் முறை என்பதால் தேவைப்படும்போது மட்டுமே புரோசஸ் எழும். ஆனால் லாகின் பக்கத்தை பாட்கள் ஒரே நேரத்தில் ஐந்தாறு தளங்களில் தட்டத் தொடங்கினால் சர்வர் படுத்துவிடும். பூல் டெம்ப்ளேட்டில் மேக்ஸ் சில்ட்ரன் என்ற அந்த உச்சவரம்பை 3 ஆக்குங்கள்; கூட்டம் வரும் ஒரு தளத்துக்கு மட்டும் 6. டெம்ப்ளேட்டை நேரடியாகத் திருத்தாமல் நகலெடுத்து வேறு பெயரில் வைத்தால்தான் அடுத்த அப்டேட்டில் அது அழியாமல் இருக்கும்.

ஹெஸ்டியாவின் குறைகள்: முதல் நாள் உருவாகும் அட்மின் பயனருக்குக் கீழேயே தளங்களைப் போட அது அனுமதிக்கும். போடாதீர்கள், தனிப் பயனர் உருவாக்குங்கள். தளம் ஒன்று ஹேக் ஆனால் கதவு பேனல் வரை திறக்கும். தினசரி பேக்கப் அதே டிஸ்க்கில் உள்ள பேக்கப் ஃபோல்டரில் விழுகிறது. 40 ஜிபி டிஸ்க்கில் 12 ஜிபி தளங்கள் இருந்தால் மூன்று பேக்கப்புக்கே டிஸ்க் நிரம்பி மரியாடிபி எழுத இடமின்றி நின்றுவிடும். எண்ணிக்கையை 1 ஆக்கி, எஸ்எஃப்டிபி அல்லது ஆர்குளோன் (கிளவுட் சேமிப்புக்குக் கோப்புகளை நகலெடுக்கும் கருவி) வழியாக வெளியே அனுப்புங்கள். இந்த ஆர்குளோன் வசதி உள்ளேயே இருக்கிறது.

பேனல் 8083 என்ற போர்ட்டில் உலகத்துக்கே திறந்திருக்கும். ஃபயர்வாலில் உங்கள் ஐபிக்கு மட்டும் விடச் சொல்லிப் பல வழிகாட்டிகள் அறிவுறுத்தும். நம் ஊர் மொபைல் டேட்டாவிலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் ஐபி நிலையாக இருப்பதில்லை. மறுநாள் நீங்களே வெளியே நிற்பீர்கள். எஸ்எஸ்எச் (சர்வருக்குள் கட்டளைகளோடு நுழையும் பாதுகாப்பான வழி) டனல் வழியாகவோ வயர்கார்ட் விபிஎன் வழியாகவோ நுழைவதே சரி. அது முடியாதென்றால் டூ-ஃபேக்டரையாவது போட்டுவிடுங்கள்.

டைரக்ட்அட்மின்

காசு கட்டத் தயார், ஐந்தாறு வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனி லாகின் தர வேண்டும் என்றால் இதுதான். 2003இலிருந்து சந்தையில் இருக்கிறது. போர்ட் 2222. அட்மின், ரீசெல்லர், யூசர் என்று மூன்று அடுக்கு. வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் குழப்பம் இல்லாமல் புரிந்துகொள்வார். லைசென்ஸ் கணக்கு எண்ணிக்கையைப் பொறுத்தது: மிகச் சிறியதில் 2 கணக்கு, லைட்டில் 10, ஸ்டாண்டர்டில் வரம்பில்லை. ஆல்மா, ராக்கி, டெபியன், உபுண்டு எல்லாவற்றிலும் ஏறும். சிபேனலில் எடுத்த பேக்கப்பை நேரடியாக ரீஸ்டோர் செய்யும் திறமை உள்ளேயே இருப்பதால், அங்கிருந்து வெளியேறி வருகிறவர்கள் இங்கேதான் அதிகம் வந்து சேர்கிறார்கள்.

எரிச்சல், மென்பொருட்களை நிறுவும் அதன் கஸ்டம்பில்ட் கருவியில் இருக்கிறது. பிஎச்பி, அப்பாச்சி போன்றவற்றை சர்வரிலேயே கம்பைல் செய்யும் (மூலநிரலிலிருந்து உருவாக்கும்). இரண்டு கோர் உள்ள சர்வரில் இரண்டு மூன்று பிஎச்பி வெர்ஷன் போடச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரும் நேரத்தில் முடியாது, மதியச் சாப்பாடே முடித்துவிடலாம். ரேம் குறைவாக இருந்து ஸ்வாப்பும் இல்லையென்றால் கம்பைலர் நடுவில் கொல்லப்படும், 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும். முதலில் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பதிலுக்குக் கிடைப்பது கட்டுப்பாடு: எந்த மாட்யூல் வேண்டும், எந்த வெர்ஷன் வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நீங்களே சொல்லலாம்.

ஆல்மாவில் போடும்போது ஒரு பொறி. இயல்பான கோப்பு முறை எக்ஸ்எஃப்எஸ் என்றால், ரூட் பகுதியில் டிஸ்க் கோட்டா (பயனர் வாரியான இடக் கணக்கு) தானாக இயங்காது. பூட் செய்யும் நிரலான க்ரப்பின் அமைப்பில் ரூட்ஃபிளாக்ஸ் மதிப்பாக யுகோட்டா சேர்த்து ரீபூட் செய்தால்தான் பேனலில் ஒவ்வொரு பயனரும் பிடிக்கும் இடம் காட்டும். 'எல்லோரும் 0 எம்பி பயன்படுத்துகிறார்கள்' என்று பேனல் சொன்னால் காரணம் இதுவே. சிபேனலிலும் இதே கதைதான்.

சிபேனல்

பழகிய கைகளுக்கு இதுபோல் வராது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வாடிக்கையாளரே 'சிபேனல் இருக்கிறதா' என்று கேட்கிறார் என்றால் வேறு வழியும் இல்லை. மற்றவர்கள் 2019 ஜூனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு சர்வருக்கு ஒரு விலை, எத்தனை கணக்கு வேண்டுமானாலும். அப்போது அறிவித்த புது முறையில் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்ப விலை: சோலோவில் 1, அட்மினில் 5, ப்ரோவில் 30, பிரீமியரில் 100, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம். அதற்குப் பிறகும் விலை பலமுறை ஏறிவிட்டது. இன்று சின்ன விபிஎஸ்ஸின் வாடகையைவிட அதன் மேல் ஏறும் சிபேனல் லைசென்ஸ் அதிகமாக வருகிறது. பத்து வேர்ட்பிரஸ் தளத்துக்கு இது நியாயமே இல்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால்: ஆல்மாலினக்ஸ் போடுங்கள், குறைந்தது 4 ஜிபி ரேம் எடுங்கள். லைசென்ஸ் ஐபியோடு கட்டப்பட்டது, ஐபி மாறினால் லைசென்ஸும் மாற்ற வேண்டும். அகற்றும் வசதி என்று எதுவும் கிடையாது. வேண்டாமென்று தோன்றினால் ஓஎஸ்ஸையே அழித்துப் போட வேண்டும். 15 நாள் இலவச சோதனை உண்டு, அதை ஒரு தனி சர்வரில் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கிளவுட்பேனல்

மெயிலை வெளியே விட்டவர்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது, ஏனென்றால் இதில் மெயில் சர்வரே கிடையாது. டெபியன் அல்லது உபுண்டு, என்ஜின்எக்ஸ் மட்டும், இலவசம். அப்பாச்சி இல்லாததால் .எச்டிஆக்சஸ் கோப்பை அது ஏறெடுத்தும் பார்க்காது. வேர்ட்பிரஸ்ஸுக்கு வேண்டிய விதிகள் தயாராக வருகின்றன; ஆனால் பாதுகாப்பு ப்ளகின்கள் .எச்டிஆக்சஸ்ஸில் எழுதும் தடைகள் எல்லாம் வெறும் எழுத்தாகவே கிடக்கும். அவற்றை விஹோஸ்ட் (தளத்தின் என்ஜின்எக்ஸ் அமைப்பு) பகுதியில் கையால் மாற்றி எழுத வேண்டும். நோட்ஜேஎஸ், பைத்தான் செயலிகளையும் பேனலிலிருந்தே வைக்கலாம்.

நிறுவல் முடிந்ததும் 8443 போர்ட்டில் முதலில் வருபவர் யாரோ, அவரே அட்மின் கணக்கை உருவாக்கலாம். அந்த நொடிக்காகவே காத்திருக்கும் பாட்கள் உண்டு. ஸ்கிரிப்ட் ஓடி முடியும் முன்பே, நிறுவனத்தின் கிளவுட் ஃபயர்வாலில் 8443ஐ அந்த நேரத்து உங்கள் ஐபிக்கு மட்டும் விட்டு வையுங்கள். கணக்கு உருவாக்கியபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவை

சைபர்பேனல் வேகத்துக்குப் பேர்போனது. ஓபன்லைட்ஸ்பீடும் அதன் கேஷும் உண்மையிலேயே வேர்ட்பிரஸ்ஸை ஓடவைக்கும். ஆனால் 2024 அக்டோபரில் லாகின் இல்லாமலேயே ரூட் அதிகாரம் (சர்வரின் முழுக் கட்டுப்பாடு) தரும் ஓட்டை வெளியானபோது, இணையத்தில் 22,000 அளவிலான சர்வர்கள் அந்த நிலையில் திறந்து கிடந்தன. பிசாக்ஸ் என்ற ரான்சம்வேர் அவற்றை வேட்டையாடியது. 8090 போர்ட்டை வெளியே விட்டிருந்ததுதான் பாதிக்கப்பட்டவர்களின் பொது அம்சம். ஓபன்லைட்ஸ்பீடில் .எச்டிஆக்சஸ்ஸின் ரீரைட் விதிகள் மட்டும் எடுபடும். அதுவும் மாற்றியபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான்.

சிடபிள்யூபி, அதாவது கன்ட்ரோல் வெப் பேனல், 2023 ஜனவரியில் இதே போல் ஒரு ஓட்டையால் அடிவாங்கியது. விர்ச்சுவல்மின் திறமையானது, போர்ட் 10000, ஆனால் புதிதாக வருபவரை அதன் மெனுக்களே விரட்டிவிடும். பிளெஸ்க் நல்ல பேனல், விலை சிபேனல் பக்கத்தில். இரண்டும் இப்போது ஒரே குழுமத்தின் கையில். விண்டோஸ் சர்வரில் ஏஎஸ்பி.நெட் ஓட்டுகிறீர்கள் என்றால் பிளெஸ்க்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒரே ஒரு செயலிதான், அதுவும் டாக்கரில் என்றால் பேனலே வேண்டாம்; டெபியனும் கேடி என்ற வெப் சர்வரும் போதும், சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும்.

இப்போது ஓஎஸ்

சென்ட்ஓஎஸ்ஸை இன்னும் பட்டியலில் வைத்திருக்கும் கடைகள் உண்டு. 2020 டிசம்பர் 8 அன்று ரெட்ஹேட், 2029 வரை வரும் என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8ஐ 2021 கடைசியோடு நிறுத்துவதாக அறிவித்தது. 7ஆம் பதிப்பு 2024 ஜூன் 30இல் முடிந்தது. அந்த வெற்றிடத்தில்தான் ஆல்மாவும் ராக்கியும் 2021இல் வந்தன. பேனல் பார்வையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிபேனல், டைரக்ட்அட்மின் போடுகிறவர்கள் ஆல்மா 9ஐ எடுங்கள். பாதுகாப்பு அப்டேட் 2032 மே வரை.

ஆல்மா 9 பழைய வன்பொருளில் தகராறு செய்யும். எக்ஸ்86-64-வி2 என்ற அளவுக்குக் கீழுள்ள சிபியுவில் அது பூட் ஆகாது. சில மலிவு நிறுவனங்கள் உண்மையில் நல்ல சிபியு வைத்திருந்தும், விர்ச்சுவல் மெஷினுக்கு 'கேவிஎம்64' என்ற பொதுப் பெயரில் பழைய வகையைக் காட்டுகின்றன. பூட்டில் கெர்னல் பேனிக் வந்து கன்சோலில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம், 'வி2 ஆதரவு இல்லை' என்று புலம்பினால், டிக்கெட் போட்டு சிபியு வகையை 'ஹோஸ்ட்' ஆக மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் இடத்தை மாற்றுங்கள். ரெட்ஹேட்டின் 10ஆம் பதிப்பு ஒரு படி மேலே போய் வி3 கேட்கிறது. ஆல்மா 10 மட்டும் வி2க்கும் தனியாக ஒரு பதிப்பு தருகிறது.

ஹெஸ்டியா, கிளவுட்பேனல் போடுகிறவர்களுக்கு டெபியன் 12. 2023 ஜூனில் வந்தது, நீண்டகால ஆதரவோடு 2028 ஜூன் வரை ஓடும். 13 வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் வந்தது உண்மைதான். புதிய ஓஎஸ் வந்தவுடன் பேனல்கள் அதை ஏற்பதில்லை, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நிறுவும் நாளில் பேனலின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உபுண்டு 24.04 மோசமில்லை, 2029 வரை ஆதரவு உண்டு. ஆனால் எஸ்எஸ்எச் விஷயத்தில் இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று, போர்ட்டை மாற்ற கான்ஃபிக் கோப்பில் எழுதி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் 22இலேயே நிற்கும். காரணம், இப்போது போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எஸ்எஸ்எச் சாக்கெட் யூனிட். சிஸ்டம்சிடிஎல்லில் டீமன்-ரீலோட் கொடுத்து, சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதற்கு முன்பே ஃபயர்வாலில் 22ஐ மூடியவர்கள் கன்சோல் வழியாகத்தான் திரும்ப வரமுடியும். இரண்டாவது இதைவிட அபாயம். கடவுச்சொல் லாகினை 'நோ' என்று முதன்மைக் கோப்பில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம். பக்கத்து ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்ற சின்னக் கோப்பு 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் படிக்கப்படும் மதிப்பே வெல்லும் என்பதால் கடவுச்சொல் லாகின் திறந்தே இருக்கும். எஸ்எஸ்எச்டியை பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் எந்த மதிப்பு நடப்பில் இருக்கிறது என்று காட்டும்.

ஏறிய பிறகு

பேனல் வந்ததும் சான்றிதழ். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில். டொமைனுக்கு ஏஏஏஏ பதிவு (ஐபிவி6 முகவரிக்கானது) இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 வழியாகவே முதலில் வரும். பேனல் ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். பழைய ஹோஸ்டிங்கிலிருந்து மிஞ்சிய ஏஏஏஏ பதிவை அழியுங்கள். சும்மா சும்மா முயலாதீர்கள், ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விக்கு மேல் போனால் கதவு மூடும். கிளவுட்ஃபிளேர் (பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் சேவை) முன்னால் இருந்து, அதில் எஸ்எஸ்எல் 'ஃபிளெக்சிபிள்' என்று இருந்தால், சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்ப, கிளவுட்ஃபிளேர் மறுபடி எச்டிடிபியில் வர, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' வையுங்கள். சான்றிதழ் முடியப்போகிறது என்று மெயில் வரும் என எதிர்பார்க்காதீர்கள்; 2025 ஜூனில் லெட்ஸ் என்கிரிப்ட் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

ஃபயர்வாலுக்கு சிஎஸ்எஃப் என்ற மென்பொருளைப் போடு என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். அதை உருவாக்கிய நிறுவனம் 2025 ஆகஸ்ட் 31இல் கடையை மூடிவிட்டது. மூலநிரலைப் பொதுவில் விட்டுப் போயிருக்கிறார்கள், மற்றவர்கள் பராமரிக்கிறார்கள். பழைய டவுன்லோட் இணைப்பை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

தளம் மெதுவாக இருந்தால் பேனலைத் திட்டும் முன் 'டாப்' கட்டளையில் எஸ்டி என்ற மதிப்பைப் பாருங்கள். அது நாள் முழுக்க 10க்கு மேல் நின்றால், அதே இயந்திரத்தில் உள்ள மற்ற வாடகைக்காரர்கள் சிபியுவைத் தின்கிறார்கள். எந்த ஓஎஸ் மாற்றினாலும் தீராது. வாசகர்கள் தமிழ்நாட்டில் என்றால் ஜெர்மனியின் மலிவு சர்வர், ஒவ்வொரு போய்வரலுக்கும் 100 மில்லிசெகண்டுக்கு மேல் சேர்க்கும். வூல்டரும் லினோடும் மும்பையில் தருகின்றன, டிஜிட்டல்ஓஷன் பெங்களூரில். லினோடை வாங்கிய அகமாய்க்கு சென்னையிலேயே இடம் உண்டு.

பேக்கப்புக்கு நிறுவனம் தரும் வசதியை எடுக்கலாம். ஹெட்ஸ்னரில் சர்வர் வாடகையின் 20 சதவீதம், ஏழு நாள் நகல்கள். ஆனால் அது முழு டிஸ்க் நகல். ஒரு தளத்தின் ஒரு டேபிளை மட்டும் நேற்றைய நிலைக்குத் திருப்ப வேண்டுமென்றால் பேனல் எடுத்த, வெளியே வைத்த பேக்கப்தான் உதவும். நிறுவனக் கணக்கே முடங்கினால் அந்த 20 சதவீத நகலும் சேர்ந்தே முடங்கும்.

கணக்கு முடங்குவது இந்தியாவில் அபூர்வம் அல்ல. தானியங்கிக் கார்டு கட்டணத்துக்கான ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலில் இருப்பதால், வெளிநாட்டு நிறுவனங்கள் கார்டிலிருந்து மாதாமாதம் தானாக எடுக்கும் முயற்சி அடிக்கடி தோற்கிறது. நிறுவனம் இரண்டு மூன்று மெயில் அனுப்பும், பிறகு சர்வரை நிறுத்தும், அதற்குப் பிறகு அழிக்கும். அந்த நினைவூட்டல் மெயில்கள் அதே சர்வரில் ஓடும் மெயில்பெட்டிக்குப் போகிறபடி கணக்கைப் பதிவு செய்யாதீர்கள். சர்வர் நின்றதும் அந்தப் பெட்டியும் நின்றுவிடும். முன்பணம் போடும் வசதி இருந்தால் மூன்று மாத வாடகையைப் போட்டு வையுங்கள். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், பட்ஜெட் போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.